‘அப்பா மாதிரி’ ஒரு முதல்வர்

சேலத்தில் எந்தக் கல்லூரி முதல்வரின் பணி நிறைவு விழாவுக்குப் போனாலும் ஒரு வரி தப்பாமல் காதில் விழும்: “கல்லூரியையே தன் குடும்பமாகப் பார்த்தவர்.” பொன்னாடை போர்த்துவார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி லேசாகச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்று மேடையில் யாரும் கேட்பதில்லை.

அந்தப் பாராட்டில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் தப்புச் செய்த பிள்ளையை மன்னித்துவிடலாம், நடந்ததை நாலு சுவருக்குள் முடித்துக்கொள்ளலாம், வேண்டியவருக்கு ஒரு கரண்டி கூடப் பரிமாறலாம். முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து இந்த மூன்றையும் செய்தால் மூன்றும் வம்பு. வீட்டின்மேல் உயிரையே வைத்திருப்பவர் நல்ல முதல்வராகவும் இருப்பதை நிறையப் பார்க்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கு வாசற்படி எங்கே இருக்கிறது என்பது மறப்பதில்லை, அவ்வளவுதான்.

அரசு கலைக் கல்லூரியை வைத்தே பேசுவோம். தனியார் கல்லூரியில் முதல்வருக்கு மேலே தாளாளர் இருப்பார், அது வேறு கதை. சேலத்துக்குக் கல்லூரிப் படிப்பு புதிதல்ல. இங்குள்ள அரசு கலைக் கல்லூரி 1857இல் பள்ளியாகத் தொடங்கி 1879இல் கல்லூரியானது. கருப்பூரில் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது 1997இல்தான். அதற்கு முன்னால் பட்டம் வாங்கியவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். அந்தக் காலத்தில் படித்தவர் உண்மைத்தன்மைச் சான்று கேட்டு வந்தால் கருப்பூருக்கு எழுதுவதா சென்னைக்கு எழுதுவதா என்று சட்டெனச் சொல்லத் தெரிந்த ஒருவர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கேள்வியும் முதல்வர் அறைக்குள்தான் வரும்.

பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 ஒழுங்குமுறைப்படி முதல்வராக முனைவர் பட்டம், 15 ஆண்டு கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவம், குறைந்தது 10 ஆய்வுக் கட்டுரைகள், 110 ஆய்வு மதிப்பெண் எல்லாம் வேண்டும். அந்த 15 ஆண்டில் ஒருநாள்கூட அவர் சம்பளப் பட்டியலைத் தொட்டிருக்கமாட்டார், தணிக்கைக்குப் பதில் எழுதியிருக்கமாட்டார். அரசுக் கல்லூரியில் மூப்பு வரிசைப்படி இந்தப் பதவி கைக்கு வரும்போது பலருக்கு ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டுதான் பாக்கி இருக்கும். மகள் கல்யாணம், வயதான அம்மாவின் மருத்துவம், வீட்டுக் கடனின் கடைசித் தவணைகள் எல்லாம் வரிசைகட்டி நிற்கிற வயது அது. வேலை தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ போட்டால், வீடு சேலம் அஸ்தம்பட்டியில், ஆள் பஸ்ஸில்.

இதில் சுழற்சி முறை வேறு. காலையில் ஒரு சுழற்சி, மதியத்துக்கு மேல் இன்னொன்று. ஆசிரியர்களுக்குப் பாதி நாள். முதல்வருக்கு முழு நாள். காலை முதல் மணிக்கு முன்னால் வந்து, மாலைச் சுழற்சியின் கடைசி மணிக்குப் பிறகுதான் கிளம்ப முடியும் என்று நினைப்பவர்கள் ஒரே பருவத்தில் சோர்ந்துபோவார்கள். மாலைச் சுழற்சிக்கு ஒரு மூத்த பேராசிரியரை எழுத்து ஆணையோடு பொறுப்பாளராகப் போட வேண்டும். வாய்மொழியாக “நீங்க பாத்துக்கங்க சார்” என்றால் வேலை நடக்காது. மின்சாரம் போனாலும், மாணவர் மயங்கி விழுந்தாலும், “முதல்வர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்” என்று போன் வரும். சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தப் போனை எடுப்பவரை அர்ப்பணிப்பு மிக்கவர் என்று ஊர் சொல்லும். எழுத வேண்டிய ஓர் ஆணையை அவர் எழுதவில்லை என்பதுதான் விஷயம்.

சேர்க்கைக் காலம்தான் உண்மையான பரீட்சை. விண்ணப்பம் எல்லாம் இணைய வழிதான்: 48 ரூபாய் விண்ணப்பக் கட்டணம், 2 ரூபாய் பதிவுக் கட்டணம், பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் அந்த 2 ரூபாய் மட்டும். தரவரிசை தயாராகிக் கல்லூரிக்கு வந்துவிடும். தமிழ், ஆங்கிலப் பட்டப்படிப்புகளுக்கு அந்தந்த மொழி மதிப்பெண், மற்றவற்றுக்கு நான்கு பாடங்களின் 400. முதல் நாள் சிறப்புப் பிரிவு: மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள், முன்னாள் படைவீரர் பிள்ளைகள், தேசிய மாணவர் படை. அடுத்த நாள்களில் பொதுக் கலந்தாய்வு. எல்லாம் கணினியில் இருக்கும்போது முதல்வருக்கு என்ன வேலை என்று தோன்றும். வேலை வாசலில் நிற்கிறது.

“மாப்ள, நம்ம பெரியப்பா பேரனுக்கு பி.காம்ல ஒரு சீட்டு” என்று முதலில் வருவது சொந்தக்காரர்தான். கட்சிக்காரருக்கு ‘இல்லை’ சொல்வது எளிது. பொங்கலுக்கும் ஆடிக்கும் ஒரே பந்தியில் உட்காரப்போகிற மைத்துனருக்குச் சொல்வதுதான் கஷ்டம். குடும்பத்தை விட்டுக்கொடுக்காதவர் என்று பெயரெடுத்தவருக்கு இந்த இடத்தில் இரண்டு மடங்கு நெருக்கடி. விவரமான முதல்வர்கள் வாயால் மறுப்பதை நம்பியிருப்பதில்லை. ஒவ்வொரு நாள் கலந்தாய்வு முடிந்ததும், மாலையிலேயே, பாடவாரியாக, இனவாரியாக எத்தனை இடம் நிரம்பியது, எத்தனை காலி, கடைசியாகச் சேர்ந்தவரின் மதிப்பெண் என்ன என்று ஒரு தாளில் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுவார்கள். 69 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் யாருக்கு எத்தனை என்பது அதில் கண்ணுக்குத் தெரியும். பிறகு யார் வந்தாலும் ஒரே பதில்: “போர்டைப் பாருங்க.” மைத்துனர் கோபித்துக்கொண்டாலும் கோபம் பலகையின் மேல்தான். பட்டியல் ஒட்டாத கல்லூரியில், முதல்வர் நேர்மையாகவே இருந்தாலும், ‘அவர் நெனச்சா முடியாதா?’ என்ற பேச்சு அவரை வீடுவரை துரத்தும்.

கண்ணுக்குத் தெரியாமல் இடம் போகும் வழி இன்னொன்று. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளி மக்கள் (கேரளத்தவர் அல்ல, மலைவாழ் மக்கள்) பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் துணை வட்டாட்சியரிடமும், ஆதிதிராவிடர் சான்றிதழ் வட்டாட்சியரிடமும் கிடைத்துவிடும். பழங்குடிச் சான்றிதழில் மட்டும் கோட்டாட்சியர் கையெழுத்து வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று விசாரணை ஏறிப் போய்த்தான் அவரிடம் சேரும். நாகலூரிலோ மாரமங்கலத்திலோ இருக்கும் ஒரு பெண் பிளஸ் டூ முடிவு வந்த பிறகு விண்ணப்பித்தால், கலந்தாய்வு நாளுக்குச் சான்றிதழ் கையில் இருக்காது. கடைசிவரை ஆள் வராத பழங்குடி இடம் பட்டியலினத்தவரைக் கொண்டு நிரப்பப்படும். அதிலும் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் மலைப்பிள்ளைக்குப் போய்விட்டது போய்விட்டதுதான். இதற்கு மருந்து ஜூனில் இல்லை. பிளஸ் டூ தேர்வு முடிவதற்கு முன்பே, மார்ச் வாக்கில், இரண்டு ஆசிரியர்களை ஏற்காட்டு மேல்நிலைப் பள்ளிகளுக்கு அனுப்பி, யாரிடம் சான்றிதழ் இல்லை என்று பெயர் எழுதிவரச் சொன்னால் போதும். 20 கொண்டை ஊசி வளைவு, ஒரு நாள் வேலை.

சேர்ந்த பிறகு அரசு உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய். பெண்களுக்குப் புதுமைப்பெண் 2022 செப்டம்பரிலிருந்து, பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டிலிருந்து. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலோ, அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டாவது வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களும் தகுதியானவர்கள்தான். இது தெரியாமல் உதவி மையத்திலேயே திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகள் உண்டு. பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் வங்கிக் கணக்குதான் காரணம். ஆதாரோடு இணையாத கணக்கு, பள்ளிக் காலத்தில் திறந்து நடப்பில் இல்லாமல் போன கணக்கு, ஆதாரில் ஒரு பெயரும் மாற்றுச் சான்றிதழில் வேறு எழுத்தும். சேர்க்கை நடக்கும் அரங்கிலேயே வங்கிக்காரர் ஒருவரை மேசை போட்டு உட்கார வைத்த கல்லூரியில் ஆகஸ்டு மாதப் புகார் வரிசை பாதியாகக் குறைந்துவிடும்.

நவம்பரில் வருகைப் பதிவுப் பஞ்சாயத்து ஆரம்பம். ‘அப்பா மாதிரி’ முதல்வர்கள் மொத்தமாக மாட்டிக்கொள்வது இங்கேதான். 

கணக்கு எளிது. பருவத்துக்கு 90 வேலைநாள், நாளுக்கு 5 மணி நேரம் என்றால் 450 மணி. தேர்வெழுதத் தேவையான 75 விழுக்காட்டுக்கு 338 மணி வந்திருக்க வேண்டும். ஆக, 22 நாள் வரை வராமல் இருக்கலாம். 23ஆவது நாளில் கதவு மூடும். அதற்குக் கீழே அபராதக் கட்டணம் கட்டித் தேர்வெழுதும் ஒரு படி, தேர்வைத் தள்ளிவைக்கும் ஒரு படி, பருவத்தையே திரும்பப் படிக்கும் ஒரு படி என்று பல்கலைக்கழக விதி இறங்கிக்கொண்டே போகும். 30ஆவது நாளில் 10 நாள் வராதவனைக் கூப்பிட்டால் அவன் 67 விழுக்காட்டில் இருப்பான். அன்றிலிருந்து ஒழுங்காக வந்தால் பருவ முடிவில் 89. அதே பையனை 70ஆவது நாளில், 25 நாள் போன பிறகு கூப்பிட்டால், மீதி அத்தனை நாளும் வந்தாலும் 72தான். அதற்குப் பிறகு அவனுக்குக் கெஞ்சுவதைத் தவிர வேறு வழியில்லை, முதல்வருக்குத் திருத்துவதைத் தவிர வேறு ‘கருணை’ இல்லை. திருத்தினால் பதிவேட்டில் வெள்ளை மை. அடுத்த பருவத்தில் அதே வகுப்பிலிருந்து பத்துப் பேர் வருவார்கள்.

சேலத்துப் பையன் ஏன் வருவதில்லை என்பதற்கு ஊரின் தொழிலைப் பார்க்க வேண்டும். செவ்வாய்ப்பேட்டை, பனங்காடு, சிவதாபுரம் பக்கம் கொலுசுப் பட்டறை. அம்மாப்பேட்டையிலும் குகையிலும் தறி. தீபாவளிக்கு முந்தைய மாதங்களில் வேலைக்கு ஆள் போதாது. கூலி கூடுதலாகக் கிடைக்கிற நேரத்தில் அவனிடம் பாரதிதாசன் கவிதையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. மலையில் காப்பிப் பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரிவரை போகும். ஆகவே மலைப்பிள்ளைகளின் வருகை ஒற்றைப் பருவத்தின் கடைசியிலும் இரட்டைப் பருவத்தின் தொடக்கத்திலும் குறையும். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை விட்டு, ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலைநாளாக்குவார்கள். அந்தச் சனிக்கிழமை வருகை எப்போதுமே மோசம். இவ்வளவும் முன்கூட்டியே தெரிந்தவைதான். 30, 50, 65ஆம் நாள்களில் வகுப்பு ஆலோசகர் ஒரு பட்டியல் எடுத்து, தமிழில் ஒரு கடிதம் வீட்டுக்குப் போக வேண்டும். ‘குறைந்த வருகைப் பதிவு காரணமாகத் தேர்வெழுத இயலாத நிலை’ என்று எழுதினால் அம்மாவுக்குப் புரியாது. “உங்கள் மகன் இன்னும் 12 நாள்தான் லீவு போட முடியும்” என்று எழுதினால் புரியும். மாலைச் சுழற்சியிலிருந்து காலைச் சுழற்சிக்கு மாற்றிக் கொடுத்தால் பட்டறைக்கும் போவான், வகுப்புக்கும் வருவான். விதியைத் தொடாமலேயே இவ்வளவு செய்ய முடியும்.

புகார் வரும்போது குடும்ப மனப்பான்மை இன்னும் ஆபத்து. 1996இல் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. குற்றவாளிக்கு 2 ஆண்டுவரை சிறை, 10,000 ரூபாய்வரை அபராதம். பலருக்குத் தெரியாத பகுதி அடுத்தது: புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவர் குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார். “ரெண்டு பேரும் நம்ம பசங்கதானே, கை குலுக்கிட்டுப் போங்கப்பா” என்று முடித்துவைக்கும் தாராள மனசுக்காரர் தன்னையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறார்.

பாலியல் தொல்லைப் புகாரில் சொல்லவே வேண்டாம். 2013 சட்டப்படி மூத்த பெண் ஒருவர் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும்; பாதிப் பேருக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். நடந்ததிலிருந்து 3 மாதத்துக்குள் எழுத்துப் புகார், 90 நாளுக்குள் விசாரணை முடிவு. புகாரைக் கையில் வாங்கியதும் முதல்வர் செய்ய வேண்டியது தேதி, நேரம் போட்டுக் கையொப்பமிட்டு, அன்றே குழுவுக்கு அனுப்புவது மட்டுமே. தானே இருதரப்பையும் அழைத்துப் பேசக்கூடாது. பெண்ணின் அப்பா வந்து, “பேரு வெளிய வந்துரக் கூடாதுங்க சார், நீங்களும் பொண்ணு பெத்தவரு” என்று கும்பிடுவார். பெண்ணைப் பெற்றவராக அந்த நேரத்தில் மனசு இளகத்தான் செய்யும். இளகி, “நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டால் புகார் மேசை இழுப்பறைக்குள்ளேயே கிடந்து செத்துப்போகும். அவருக்குச் சொல்ல வேண்டிய பதிலைச் சட்டமே தந்திருக்கிறது: புகார் கொடுத்தவர் பெயரையோ விசாரணை விவரத்தையோ வெளியிடுவது தடை. அந்தப் பிரிவை எடுத்துப் படித்துக் காட்டினால் பாதிப் பயம் போகும்.

பண விஷயத்தில் முதல்வர்தான் பணம் பெற்று வழங்கும் அலுவலர். சம்பளப் பட்டியல், வைப்புநிதி முன்பணம், மின்கட்டணம், ஆய்வகப் பொருள் எல்லாம் அவர் ஒப்புதலோடுதான் கருவூலம் போகும். வருமான வரிப் பிடித்தத்துக்குக் காலாண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். ஒரு நாள் தாமதத்துக்கு 200 ரூபாய், பிடித்த வரித் தொகை அளவுவரை ஏறிக்கொண்டே போகும். இந்த அபராதத்துக்கு அரசுக் கணக்கில் தலைப்பு கிடையாது. கடைசியில் அவர் பையிலிருந்துதான் போகும். ஜூலை, அக்டோபர், ஜனவரி, மே, நான்கு மாதங்களின் 31ஆம் தேதியையும் நாள்காட்டியில் சிவப்பில் வட்டமிடுவது எந்த மேலாண்மைப் பயிற்சியையும்விட நல்லது. படிக்காமல் போட்ட கையெழுத்து தணிக்கைத் தடையாகத் திரும்ப வரும். அது முடியும்வரை ஓய்வூதியப் பணப்பலன் இழுக்கும், மகள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்க நேரும். பெரிய ஊழல் எதுவும் தேவையில்லை. மூன்று விலைப்புள்ளிகளில் ஒன்றில் தேதி விட்டுப்போனால் போதும்.

கௌரவ விரிவுரையாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. மாதம் 25,000 ரூபாய்தான் அவர்களுக்கு. துறையிலிருந்து பணிநாள் அறிக்கை தாமதமாக வந்தால் பட்டியல் தாமதமாகும், பட்டியல் தாமதமானால் வீட்டு வாடகை நிற்கும். துறைத் தலைவர்களிடம் மாதக் கடைசி வேலைநாளிலேயே அந்த அறிக்கையைக் கறாராக வாங்கிவிடும் முதல்வர், மேடையில் ‘குடும்பம்’ என்று பேசாவிட்டாலும் நாற்பது குடும்பத்துக்கு நல்லது செய்துவிடுகிறார்.

கல்லூரிகளுக்குத் தரம் போடும் ‘நாக்’ அமைப்பைப் பற்றிச் சொல்லாவிட்டால் பேராசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். அண்மைவரை இருந்த முறையில் ஏழு அளவுகோல், ஐந்து ஆண்டுக் கணக்கு, நான்குக்கு 3.51 அல்லது அதற்கு மேல் வந்தால் ஏ பிளஸ் பிளஸ். குழு வருவதற்கு முந்தைய மாதம் சுண்ணாம்பு அடிப்பதும் தொட்டிச்செடி வாங்குவதும் மதிப்பெண்ணைத் தூக்காது. மாதாமாதம் சேர்த்த ஆதாரம்தான் தூக்கும். ஐந்து ஆண்டுக் காகிதத்தை ஐந்து வாரத்தில் தயாரிக்கும் கல்லூரிகளில்தான் இரவு பதினொரு மணிக்கு விளக்கு எரியும். அதை உழைப்பு என்று சிலர் படம் பிடித்துப் போடுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

வீட்டுக்கு வருவோம். முதல்வரின் ஞாயிற்றுக்கிழமை அவருடையது அல்ல. தேர்வாணையத் தேர்வு, வங்கித் தேர்வு என்று ஏதாவது ஒன்றுக்குக் கல்லூரி மையமாக இருக்கும். தேர்தல் வந்தால் வளாகமே போய்விடும். கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் வாக்கு எண்ணும் காலங்களில் ஸ்ட்ராங் ரூம் வைத்து, உள்ளே போகவே அடையாள அட்டை கேட்பார்கள். ஆண்டுக்கு 12 நாள் தற்செயல் விடுப்பு உண்டு. எடுத்து முடித்த முதல்வர் யாராவது இருந்தால் ஆச்சரியம். பிள்ளையின் பொதுத்தேர்வு மார்ச்சில் என்றால், கல்லூரிச் செலவுக் கணக்கு முடிப்பதும் மார்ச்சில். இதில் வேலை செய்கிற ஒரே உத்தி, பெரிய பெரிய தியாகமெல்லாம் வேண்டாம் என்று சின்னதாக ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது: காலைச் சாப்பாடு எல்லோரும் சேர்ந்து, அல்லது ராத்திரி ஒன்பதுக்கு மேல் போன் கூடத்து மேசையில். அவசரத்துக்கு விடுதிக் காப்பாளர் எண் ஒன்றுக்கு மட்டும் தனி மணியோசை. வாரம் முழுக்கக் காணாமல் இருந்துவிட்டு, ஞாயிறு சாயந்திரம் தட்டுவடை செட்டு வாங்கிக்கொண்டு வந்தால் சின்னப் பிள்ளை ஏமாறும். பத்தாவது படிக்கிற பெண் ஏமாறமாட்டாள்.

எதிர்த் திசையிலும் வாசற்படி உண்டு. அலுவலக உதவியாளர் வீட்டுக்குக் காய்கறி வாங்கித் தரக்கூடாது. சொந்த மகள் அதே கல்லூரியில் படித்தால், தேர்வுப் பணியை ஏற்கும்போதே உறவினர் தேர்வெழுதுவதை எழுத்தில் தெரிவித்துவிட்டு, அந்த வகுப்பின் அக மதிப்பெண் கோப்பிலிருந்து ஒதுங்கிக்கொள்ள வேண்டும். மகளுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். நல்ல மார்க் வாங்கினால் “அப்பா போட்டது” என்பார்கள், குறைந்தால் “அப்பா இருந்தும்” என்பார்கள். முடிந்தால் வேறு கல்லூரியில் சேர்ப்பது உத்தமம்.

60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாள், பிற்பகல், பொறுப்பு ஒப்படைப்பு. ரொக்கப் புத்தகம், காசோலைப் புத்தகம், பணப்பெட்டிச் சாவி, இருப்புப் பதிவேடு, பணிப் பதிவேடுகள், மின்கையொப்பக் கருவி என்று பட்டியலிட்டு இருவரும் கையெழுத்துப் போடுவார்கள். பெரும்பாலும் விட்டுப்போவது ஒன்று: கைபேசி எண். பொறுப்பேற்ற முதல் வாரத்தில் அவசரத்துக்குச் சொந்த எண்ணையே கருவூல மென்பொருளிலும், உதவித்தொகைத் தளத்திலும், வரித் தளத்திலும் கொடுத்திருப்பார். மாலை மரியாதையெல்லாம் முடிந்து பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது ஓடிபி வரும். இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அங்கே நூறு பேர் சம்பளம் நிற்கும். புது முதல்வர் தினமும் போன் செய்து, “சார், இப்ப ஒண்ணு வந்திருக்குமே” என்பார். பதவியேற்கும் முதல் நாளே கல்லூரி பெயரில் ஒரு சிம் வாங்கி, எல்லாத் தளத்திலும் அந்த எண்ணையே கொடுத்து, அந்தக் கைபேசியையும் ஒப்படைப்புப் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துவிட வேண்டும்.